ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஒரு நட்சத்திரம்

ரசிகருக்குப் போட்டுக் கொடுத்த கையெழுத்து கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கடனுக்குப் போட்டுக் கொடுத்த கையெழுத்து இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. தமிழ் சினிமா எப்படிப் பிழைத்தது என்று அறிய வேண்டுமானால் நாம் தேட வேண்டியது இரண்டாவதைத்தான்.

1933 டிசம்பரில் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்தார். அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தி, மேடையை விட்டே ஒதுங்கினார். அவரை எப்படியாவது சினிமாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அசன்தாஸ் கிளாசிகல் டாக்கீஸார் விடாமல் முயன்றார்கள். பெரிய தொகை கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று எண்ணி அவர் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். பத்து கிராம் தங்கம் முப்பது ரூபாய்ச் சுமாருக்கு விற்ற காலம் அது. 1935-ல் 'பக்த நந்தனார்' வெளிவந்தது. இன்றைக்குப் பலருக்குப் படத்தின் காட்சிகள் தெரியாது. அந்த ஒரு லட்சம் தெரியும்.

ஒரு லட்சம் ரூபாய் வெறும் வாய்ப்பேச்சில் கைமாறாது. ஒப்பந்தம் எழுத வேண்டும். அட்வான்ஸுக்கு ரசீது வாங்க வேண்டும். அடுத்தடுத்த தவணைக்கு வவுச்சர் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் நட்சத்திரத்தின் கையெழுத்து விழ வேண்டும். புரோநோட்டு, காசோலை, பங்குப் பத்திரம், குத்தகைப் பத்திரம், உயில் என்று கலைஞர்கள் கையெழுத்திட்ட பணக் காகிதங்களைத் தேடிச் சேகரிப்பது உலகெங்கும் ஒரு தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. ஏல நிறுவனங்கள் இதற்கென்றே பட்டியல் போடுகின்றன. தமிழ் சினிமாவுக்கு இத்தகைய காகிதம் குவிந்த இடங்களில் முக்கியமானது வடசென்னை. அதிலும் யானைக்கவுனியும் அதை ஒட்டிய சௌகார்பேட்டையும்.

மதில், கொட்டகை, வட்டிக்கடை

ஹைதர் அலியின் படையெடுப்புக்கு அஞ்சி, 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியது. அதன் வாசல்களில் ஒன்று யானைக்கவுனி. மதிலுக்கு ஆன செலவை ஊர்மக்களிடம் வரியாக வாங்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள். மதில் போய்விட்டது. அந்த வரியின் நினைவு வால்டாக்ஸ் ரோட்டின் பெயரில் நிற்கிறது.

அந்த வால்டாக்ஸ் ரோட்டில்தான் ஒற்றைவாடைக் கொட்டகை இருந்தது. தமிழ் நாடக உலகின் பெரிய பெயர்கள் பலவும் அதன் மேடை ஏறியவை. பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுக்களில் சேர்ந்த சிறுவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. பேசும் படம் வந்ததும் அந்தச் சிறுவர்களில் பலர் நடிகர்களானார்கள். 1931-ல் 'காளிதாஸ்' முதன்முதலாகத் திரையிடப்பட்ட கினிமா சென்ட்ரலும் இதே ஜார்ஜ் டவுன் வட்டாரத்தில் இருந்ததுதான். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட பிராட்வே தியேட்டரும் இங்கேதான். கலையைப் பார்க்க வந்த கூட்டமும் கலைக்குப் பணம் போட்ட கைகளும் ஒரே நாலைந்து தெருக்களுக்குள் வாழ்ந்த இடம் இது.

தங்கசாலைத் தெருவிலும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் துணி, பாத்திரம், தங்கம், வைரம் என்று வியாபாரம் செய்த மார்வாரி, குஜராத்தி வணிகர்கள் வட்டிக்கும் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணம் சினிமாவுக்கும் போனது. காரணம் எளிது: அன்று சினிமாவுக்கு வங்கி கடன் கொடுக்காது. மத்திய அரசு சினிமாவைத் தொழிலாக அங்கீகரித்ததே 1998-ல்தான். 'காளிதாஸ்' வந்து 67 ஆண்டுகள் கழித்து. அதுவரை தமிழில் வந்த ஆயிரக்கணக்கான படங்கள் சொந்தச் சொத்தின் மேலோ, விநியோகஸ்தர் கொடுத்த மினிமம் கேரண்டியின் மேலோ, வட்டிக்கு வாங்கிய பணத்தின் மேலோ எழுந்தவை. வட்டிக்கு வாங்கிய பணம் என்றால் ஒரு புரோநோட்டு இருந்தே தீரும்.

ஒரு துண்டுக் காகிதத்தின் கட்டமைப்பு

புரோநோட்டு பார்வைக்குச் சாதாரணமானது. கேட்கும்போது இத்தனை ரூபாயை இத்தனை வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்ற வாக்குறுதி; தேதி; ஊர்; அடியில் ரெவின்யூ ஸ்டாம்பு; அதன் மேல் குறுக்காகக் கையெழுத்து. ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்த முடியாதபடி செய்ய வேண்டும் என்று 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் சொல்வதால்தான் கையெழுத்து ஸ்டாம்பின் மேலும் தாளின் மேலும் சேர்ந்து ஓடுகிறது. சேகரிப்பாளருக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. மை எங்கே தொடங்கி, ஸ்டாம்பின் விளிம்பை எப்படிக் கடந்து, எங்கே முடிகிறது என்பதை லென்ஸ் வைத்துப் பார்க்கலாம்.

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் கூடுதலாகப் பேசும். புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. அதற்குள் கடன் வாங்கியவர் ஒரு பகுதியைக் கட்டிப் பின்னால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு. அதனால் ஒரே நோட்டின் பின்னால் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மையில் விழுந்த கையெழுத்துகள் இருக்கும். எந்தப் படம் ஓடியபோது பெரிய தொகை வந்தது, எந்த ஆண்டு வட்டி மட்டும் வந்தது, எப்போது கை நின்றது என்பதை அந்த வரிசையில் படித்துவிடலாம். எந்தப் பத்திரிகைப் பேட்டியிலும் கிடைக்காத வாழ்க்கை வரலாறு அது.

படத்துக்கான கடனில் புரோநோட்டு மட்டும் போதாது. நெகட்டிவ் உரிமையையும் எழுதி வாங்குவார்கள். அந்தக் காலத்தில் படச்சுருள் லேபில் இருந்தது. பைனான்சியரின் கடன் தீர்ந்து, அவர் கடிதம் கொடுக்காமல் பிரிண்ட் வெளியே போகக் கூடாது என்று தயாரிப்பாளர் லேபுக்கு எழுதிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. திரையுலகம் இதை லேப் லெட்டர் என்றே சொல்லும். வெள்ளிக்கிழமை படம் வரும் என்று போஸ்டர் ஒட்டியிருக்க, வியாழன் இரவு வரை கணக்குத் தீராமல் தயாரிப்பாளர்கள் தவித்ததெல்லாம் இந்தக் கடிதத்துக்காகத்தான். ஒரு படத்தின் லேப் லெட்டர்களை மட்டும் வரிசைப்படுத்தினால், அந்தப் படம் எத்தனை பேர் பணத்தில் எழுந்தது, யார் முதலில் நம்பினார்கள், யார் கடைசியில் காப்பாற்றினார்கள் என்பது தெரிந்துவிடும்.

இங்கே சேகரிப்பாளர் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. கடன் தீர்ந்ததும் புரோநோட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போடுவதுதான் நம் வழக்கம். நாணயமாகக் கட்டியவரின் நோட்டு கிழிந்து போய்விடும். கட்ட முடியாமல் போனவரின் நோட்டுதான் பத்திரமாக இருக்கும். ஆகவே இன்று முழுசாகக் கிடைக்கும் கடன் பத்திரங்களை மட்டும் அடுக்கி வைத்துப் பார்த்தால், நம் கலைஞர்கள் எல்லோரும் கடனில் மூழ்கியவர்கள் என்றுதான் தோன்றும். அது பாதி உண்மைகூட இல்லை. கிழிந்து போன நோட்டுகளின் சாட்சியை வேறெங்காவது தேட வேண்டும். கடன் கொடுத்தவரின் பேரேட்டில் அது இருக்கிறது.

உலகம் ஏன் காசோலையைத் தேடுகிறது

1930-களின் ஹாலிவுட் நட்சத்திரம் ஜீன் ஹார்லோ 1937-ல் 26 வயதில் இறந்தார். அவர் பெயரில் ரசிகர்களுக்குப் போன படங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்துப் போட்டது அவருடைய தாயார். அதனால் ஹார்லோவின் உண்மையான கையெழுத்து வேண்டும் என்பவர்கள் அவர் எழுதிய காசோலைகளையும் ஒப்பந்தங்களையும் தேடுகிறார்கள். ரசிகர் கடிதத்துக்குச் செயலாளர் கையெழுத்துப் போடலாம்; ரப்பர் முத்திரை குத்தலாம்; அச்சடித்தும் அனுப்பலாம். வங்கிக் காகிதத்தில் சொந்தக் கை வேண்டும். தேதியும் தொகையும் பெறுபவர் பெயரும் கூடவே இருக்கும். வங்கியின் முத்திரையும் இருக்கும்.

2019-ல் லண்டனில் சோத்பீஸ் ஏலத்தில் பீட்டில்ஸ் குழுவின் முதல் மேலாண்மை ஒப்பந்தம் 2,75,000 பவுண்டுக்குப் போனது. அன்றைய மதிப்பில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். 1962 ஜனவரியில் எழுதிய அந்த ஒப்பந்தத்தில் குழுவினர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் போடவில்லை. தம்மால் அவர்களுக்கு வழிகாட்ட முடியாமல் போனால் அவர்களைக் கட்டிப்போடக் கூடாது என்பதற்காக அவர் விட்டுவிட்டார் என்பது வரலாறு. யார் கையெழுத்து இல்லை என்பதும் ஒரு மனிதனின் குணத்தைச் சொல்கிறது.

அமெரிக்காவில் பணம் கொடுத்து முடித்த காசோலையை வங்கிகள் நெடுங்காலம் கணக்கு வைத்திருப்பவருக்கே திருப்பி அனுப்பின. நட்சத்திரங்களின் வீட்டு அலமாரிகளில் கட்டுக்கட்டாகக் காசோலைகள் சேர்ந்ததும், அவை பின்னால் ஏலத்துக்கு வந்ததும் அதனால்தான். இந்தியாவில் தீர்ந்த காசோலை வங்கியிடமே தங்கிவிடும். சட்டம் சொன்ன காலத்துக்கு வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவார்கள். 2011-ல் சென்னைக்கு சி.டி.எஸ். முறை வந்தபிறகு காசோலையின் படம் மட்டுமே வங்கிக்கு வங்கி பயணம் செய்கிறது. ஆகவே எம்.ஜி.ஆர். கையெழுத்திட்டுப் பணமாக மாறிய காசோலை என்று யாராவது விற்க வந்தால், அது வங்கியை விட்டு எப்படி வெளியே வந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நம் நாட்டில் சேகரிக்கக் கிடைப்பவை வேறு: புரோநோட்டு, முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம், கம்பெனி வவுச்சர், ரசீது.

சுவரொட்டியில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர்

இந்தக் காகிதங்களில் நட்சத்திரங்கள் தங்கள் திரைப்பெயரோடு வருவதில்லை. சிவாஜி கணேசன் அங்கே வி.சி. கணேசன், விழுப்புரம் சின்னையா மகன். ஜெமினி கணேசன் ஆர். கணேசன். எம்.ஜி.ஆரின் பெயரே ஆரம்பகாலப் படங்களில் ராம்சந்தர் என்று வந்தது. அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் வீட்டு முகவரியும் கொண்ட அந்த மனிதரை ரசிகர்கள் சந்தித்ததில்லை.

'பராசக்தி'யில் நடித்தபோது சிவாஜிக்கு மாதச் சம்பளம் 250 ரூபாய். 1952-ல் வெளிவந்த அந்தப் படம் அவரை ஒரே நாளில் நட்சத்திரமாக்கியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் நடிகர்களையும் எழுத்தாளர்களையும் மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு ஆலை நடத்துவது போலப் படம் எடுத்தார். அந்தச் சம்பளப் பதிவேட்டில் ஒரு அணா ஸ்டாம்பின் மேல் விழுந்த கையெழுத்துகளில், பின்னால் நாடாண்டவர்களின் கையெழுத்தும் இருந்தது. கலைஞர்களின் உழைப்பு நேரம் எப்படி விலை பேசப்பட்டது, பெண்களுக்கு எவ்வளவு, ஆண்களுக்கு எவ்வளவு, ஸ்டண்ட் கலைஞருக்கு எவ்வளவு என்பதைச் சொல்லும் ஆதாரம் இந்த வவுச்சர்கள்தான். நட்சத்திரத்தின் வவுச்சரை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை எறிவது பதிவேட்டையே கொல்வதற்குச் சமம்.

முதலாளி ஆனவர்கள்

கையெழுத்துகளில் அதிகக் கனமானவை, நடிகர்கள் தாமே படம் எடுக்கத் துணிந்தபோது போட்டவை. 1958-ல் 'நாடோடி மன்ன'னுக்காக எம்.ஜி.ஆர். தம் சம்பாத்தியம் முழுவதையும் பணயம் வைத்தார். வென்றால் மன்னன், தோற்றால் நாடோடி என்று அவர் சொன்னதாகத் திரையுலகம் இன்றும் சொல்லும். அவர் வென்றார்.

எல்லோருக்கும் அந்த வெற்றி வாய்க்கவில்லை. டி.ஆர். மகாலிங்கம் சொந்தப் படங்களில் பெரும் பணத்தை இழந்தார். அவரை மறுபடி தூக்கி நிறுத்தியது 1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'. அதே கண்ணதாசன் அடுத்தடுத்த சொந்தப் படங்களில் கடனாளியானார். அந்தக் கடன்களைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் தாமே எழுதினார். எம்.ஜி.ஆரை வைத்துச் சந்திரபாபு தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. 1974-ல் அவர் இறந்தபோது கையில் ஒன்றுமில்லை. சாவித்திரி 1971-ல் தயாரித்து இயக்கிய 'பிராப்தம்' தோற்றது. வருமான வரிச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 1944-ல் எம்.கே. தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானபோது கையில் ஒப்பந்தமாகியிருந்த படங்கள் கைநழுவிப் போயின. 1947-ல் விடுதலையாகி வந்தபோது காலம் மாறியிருந்தது.

இவர்களில் ஒருவர் கையெழுத்திட்ட கடன் பத்திரம் விலைக்கு வந்தால் அதை எப்படிப் பார்ப்பது? வீழ்ச்சியின் ஞாபகப் பொருளாக வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கலைஞருக்குச் செய்யும் அவமரியாதை. சாவித்திரி கையெழுத்திட்ட காகிதம் ஒரு பெண் தன் பெயரில், தன் பொறுப்பில், தன் சொத்தை ஈடு வைத்துப் படம் எடுத்ததற்கான சான்று. அந்தக் காலத்தில் அதைச் செய்த பெண்கள் மிகச் சிலர். டி.பி. ராஜலட்சுமி 1936-ல் 'மிஸ் கமலா'வைத் தயாரித்து இயக்கி அந்த வழியைத் திறந்தார். பி. பானுமதியும் அஞ்சலிதேவியும் சொந்தக் கம்பெனி நடத்தினார்கள். அவர்கள் கையெழுத்தைத் துணிச்சலின் கையெழுத்தாகவே படிக்க வேண்டும்.

பணக் காகிதம் எல்லாமே துயரத்தின் காகிதமும் அல்ல. 1987-ல் எம்.ஜி.ஆர். எழுதிய உயிலின்படிதான் தி.நகர் ஆற்காடு தெருவில் நினைவு இல்லம் நிற்கிறது. ராமாவரம் தோட்டத்தில் செவித்திறன் குறைந்த பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு நட்சத்திரத்தின் கையெழுத்து இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அசலா, போலியா?

விலை ஏறும் இடத்தில் போலியும் வரும். காகிதத்தை வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

அணாவும் பைசாவும்: தசம நாணயம் 1957 ஏப்ரல் 1-ல் வந்தது. அதற்கு முந்தைய தேதியிட்ட நோட்டில் பைசா ஸ்டாம்பு இருந்தால் அது போலி. நயா பைசா என்ற சொல் 1964-ல் வழக்கொழிந்தது.

மாநிலத்தின் பெயர்: 1969 ஜனவரி வரை மதராஸ் மாநிலம். அதற்கு முந்தைய அரசுத் தாளில் தமிழ்நாடு என்ற பெயர் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அஞ்சல் குறியீடு: ஆறு இலக்க எண் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. 1960-களின் ஒப்பந்தத் தாளில் 600 என்று தொடங்கும் எண் அச்சாகியிருக்க முடியாது.

வங்கி: இம்பீரியல் வங்கி 1955 ஜூலை 1-ல் ஸ்டேட் வங்கியானது. காசோலையின் அடியில் காந்த மை எண்கள் 1980-களில்தான் வந்தன.

வெற்றுத் தாள்: தொகை எழுதாமல் ஸ்டாம்பின் மேல் கையெழுத்து மட்டும் வாங்கி வைக்கும் பழக்கம் உண்டு. அத்தகைய தாளைப் பூர்த்தி செய்யும் உரிமையைச் சட்டமே வைத்திருப்பவருக்குக் கொடுக்கிறது. அண்மைக்காலக் கலைஞர்களின் வெற்றுப் புரோநோட்டையோ காசோலையையோ விலைக்கு வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

எடைக்குப் போகும் வரலாறு

இந்த வட்டாரத்தின் காகிதங்களும் பழம்பொருள்களும் ஒரு காலத்தில் போய்ச் சேர்ந்த இடம் மூர் மார்க்கெட். பழைய புத்தகம், பாட்டுப் புத்தகம், ஸ்டில், நோட்டீஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். 1985 மே 30-ல் அது எரிந்து போனது. அதன் பிறகு வீடு மாறும்போதும் கடை கைமாறும்போதும் வெளியே வரும் கட்டுகள் நேராகப் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. தராசில் ஏறும் காகிதத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

சௌகார்பேட்டைப் பேரேடுகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்குப் புத்தகங்கள் குஜராத்தியிலும், மார்வாரி வணிகர்கள் கணக்குக்கென்றே வைத்திருந்த மகாஜனி எழுத்திலும் எழுதப்பட்டவை. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தமிழ்ப் படத்தின் கடன் எந்த ஆண்டு ஏறியது, எந்த ஆண்டு தீர்ந்தது என்று அறிய, தமிழ் ஆய்வாளர் ஒருவர் வட இந்திய வணிகக் கணக்கைப் படிக்கப் பழக வேண்டிய நிலை.

சேகரிப்பின் பயனை நம் ஊரே நமக்குக் காட்டியிருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் இன்று சென்னை தரமணியில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. 2016-ல் மறைந்த பிலிம் நியூஸ் ஆனந்தன் படப்பட்டியல்களையும் ஸ்டில்களையும் ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்திருக்காவிட்டால், தமிழ் சினிமாவின் ஆண்டுக் கணக்கே நம்மிடம் இருந்திருக்காது. பம்பாய் டாக்கீஸை நிறுவிய ஹிமான்ஷு ராயின் குடும்பக் காகிதங்கள் ஆஸ்திரேலியாவில் ஒரு பேரனால் காக்கப்பட்டு, இந்தி சினிமாவின் தொடக்க ஆண்டுகளைப் புதிதாக எழுத உதவின. பாட்டுப் புத்தகமும் ஸ்டில்லும் காக்கப்பட்டதைப் போலப் பணக் காகிதமும் காக்கப்பட வேண்டும்.

சட்டம் ஓரளவு துணை இருக்கிறது. வரலாற்று மதிப்பும் 75 ஆண்டு வயதும் கொண்ட ஆவணம், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உரிமமின்றி வியாபாரம் செய்யக் கூடாது. வரலாற்று மதிப்புள்ள 'பக்த நந்தனார்' காலத்துக் காகிதம் எதுவும் இன்று அந்த வரையறைக்குள் வரும். ஆனால் சட்டம் தடுக்கும். தேடி எடுத்துக் காக்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் பழைய பெட்டி இருப்பவர்கள் கையெழுத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம். ஸ்டாம்பை உரிக்க வேண்டாம். லேமினேட் செய்ய வேண்டாம். கட்டை அதே வரிசையில் வைத்து, யாரிடமிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பைனான்ஸ் குடும்பங்கள் தீர்ந்துபோன கணக்குகளின் பேரேடுகளை ஆய்வு நூலகத்துக்குக் கொடுக்கலாம். பெயர் வெளிவரக் கூடாது என்றால் இத்தனை ஆண்டுக்குத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போடலாம். சேகரிப்பாளர்கள் அசலைத் தாங்களே வைத்துக்கொண்டு ஒளிநகலை நூலகத்துக்குத் தரலாம். தமிழக அரசு திரைப்பட ஆவணக் காப்பகம் ஒன்றை, படச்சுருளுக்கு மட்டுமல்லாமல் கணக்குப் புத்தகத்துக்கும் இடம் வைத்து, வடசென்னையிலேயே அமைக்கலாம். மகாஜனி படிக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அந்த எழுத்தை நான்கு இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.

கடனைக் கட்டி முடித்து, நோட்டைக் கிழித்துப் போட்டு, தலை நிமிர்ந்து போன கலைஞர்கள் நம்மிடம் ஏராளம். அவர்களுடைய நாணயத்துக்குச் சாட்சியாக அந்தப் பேரேடுகளின் வரவுப் பக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட இனி எடைக்குப் போகக் கூடாது.